கீழ் வீடு காலியானால் முதலில் யாரிடம் சொல்ல வேண்டும்?

கேள்வி: மதுரையில் வீட்டுவசதி வாரியம் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் 1984 முதல் இருக்கிறோம். ஆறு பிளாக், 12 மாடிப்படி, 96 வீடு. தரைத்தளமும் மேலே மூன்று மாடிகளும். லிஃப்ட் கிடையாது. நாங்கள் இரண்டாம் மாடி. என் கணவருக்கு 74 வயது, இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. நாலு மாதமாக அவர் கீழே இறங்கவில்லை. மூன்றாம் மாடியில் 81 வயதுப் பெரியவர் ஒருவர் தனியாக இருக்கிறார். போன மாதம் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் 54 படி தூக்கி இறக்கினார்கள். சங்கத்தில் கணக்கெடுத்தோம். 57 வீடுகளில் அறுபது வயது தாண்டியவர்கள் இருக்கிறார்கள். 16 வீடுகளில் மாடி இறங்கவே சிரமப்படுகிறார்கள். தரைத்தள வீடு 24ல் 14 வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது.

ஒரு பில்டர் வந்து, மொத்தத்தையும் இடித்துவிட்டு லிஃப்டோடு பத்து மாடி கட்டித் தருகிறேன் என்கிறார். பெங்களூரில் இருக்கும் என் மகன், இந்த வீட்டை விற்றுவிட்டுக் கோவைப் பக்கம் முதியோருக்கென்று கட்டியிருக்கும் வில்லாவுக்குப் போய்விடுங்கள் என்கிறான். சங்கத்தின் கையில் 11 லட்ச ரூபாய் இருக்கிறது. அதில் நுழைவாயில் ஆர்ச்சும் கேமராவும் வைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, இப்போது சங்கப் பொருளாளர். எதை முதலில் செய்வது?

பதில்:

வணக்கம் டீச்சர். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மற்ற எல்லாவற்றையும் விட உபயோகமான வரி ஒன்று அதில் இருக்கிறது, ஆனால் அதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். இறங்கச் சிரமப்படுபவர்கள் 16 வீட்டில், வாடகைக்கு விடப்பட்ட கீழ் வீடுகள் 14. உங்களுக்கான முதல் வழி இந்த இரண்டு எண்ணுக்கு நடுவில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்கு ஆர்ச் தேவையில்லை, பில்டர் தேவையில்லை, செலவும் அதிகமில்லை. மாடியில் இருக்கும் முதியவர்கள் கீழே வர வேண்டும், கீழே இருக்கும் இளம் குடும்பங்கள் மாடிக்குப் போக வேண்டும். அவ்வளவுதான்.

இப்படி எழுதும்போது எளிதாகத்தான் தெரிகிறது, நடைமுறையில் எளிதில்லை. எங்கெங்கே சிக்கும் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அதற்கு முன், உங்கள் குடியிருப்புக்கு மட்டும் ஏன் திடீரென்று இப்படி ஆனது என்ற வருத்தம் கடிதத்தில் தெரிந்ததால் அதைப் பற்றி ஒரு வார்த்தை. திடீரென்று ஒன்றும் ஆகவில்லை. வாரியக் குடியிருப்புகளில் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்களுக்கு ஒரே சமயத்தில் சாவி கொடுத்தார்கள். முப்பது முப்பத்தைந்து வயது, கைக்குழந்தை, அரசு வேலை. எல்லோரும் ஒன்றாகப் பிள்ளை வளர்த்தார்கள், ஒன்றாக ஓய்வு பெற்றார்கள், இப்போது முட்டியும் ஒன்றாகவே வலிக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலக அறிக்கையில் உள்ள கணிப்புப்படி தமிழ்நாட்டில் அறுபது தாண்டியவர்கள் 2021ல் நூற்றுக்கு 13.6 பேர், 2031ல் 18.2 பேர். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். மாநிலம் இனிமேல் எட்டப்போகும் வயதை உங்கள் ஆறு பிளாக்கும் எப்போதோ தாண்டிவிட்டன.

இதே நிலை நியூயார்க்கில் பென் சவுத் என்ற கூட்டுறவுக் குடியிருப்புக்கு வந்தது. தையல் தொழிலாளர் சங்கத்தின் முயற்சியில் 1962ல் திறந்த இடம். பத்துக் கட்டடம், 2,820 வீடு. இருபது இருபத்தைந்து வருஷத்தில் அங்கே குடியேறியவர்கள் எல்லோரும் முதியவர்களாகிவிட்டார்கள். அவர்களை வேறு எங்கும் அனுப்பவில்லை. 1986ல் நர்ஸையும் சமூகப் பணியாளரையும் குடியிருப்புக்குள்ளேயே கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். அதைப் பார்த்து அமெரிக்காவில் பல இடங்களில் இதே மாதிரி தொடங்கினார்கள். முதியோருக்கென்று தனியாக ஓர் ஊர் கட்டுவதைவிட, முதியவர்கள் ஏற்கனவே இருக்கும் ஊரை அவர்களுக்கு ஏற்ற மாதிரி திருத்துவது மலிவு. மனசுக்கும் அதுதான் நல்லது. இருபத்தைந்து வருஷமாகக் குடியிருப்பு வரைபடங்களோடு வேலை செய்கிறவன் என்ற முறையில் நான் உறுதியாக நம்புவது இது.

சரி, வீடு மாற்றும் விஷயத்துக்கு வருகிறேன்.

உரிமையை மாற்ற வேண்டாம். பரிவர்த்தனைப் பத்திரம் எழுதினால் கிரயம் போலவே முத்திரைத்தாள் செலவும் பதிவுச் செலவும் வரும். பிள்ளைகளும் ‘ஏன்?’ என்று கேட்பார்கள். வாடகைதான் வழி. உங்கள் இரண்டாம் மாடி வீட்டை நீங்கள் வாடகைக்கு விடுகிறீர்கள், கீழே ஒரு வீட்டுக்கு வாடகைக்குப் போகிறீர்கள். ஒரே குடியிருப்பு, ஒரே அளவு வீடு. வாடகை வித்தியாசம் சில நூறு ரூபாய்தான் இருக்கும். கீழே இருக்கும் குடும்பமே உங்கள் மாடி வீட்டுக்கு வந்தால் இன்னும் நல்லது, குழந்தைக்குப் பள்ளி மாறாது, பஸ் மாறாது. பதினோரு மாதம் எழுதினால் பதிவு வேண்டாம் என்ற பழைய பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய 2017 ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இரண்டு பக்கமும் பதிந்துவிட்டால், ‘வயசானவங்களை வெச்சா அப்புறம் காலி பண்ண மாட்டாங்க’ என்று கீழ் வீட்டு உரிமையாளர் பயப்படுவதும் குறையும்.

அந்தப் பயம் பெரிய தடை. நேரில் பேசித்தான் தீர்க்க முடியும். அந்த 14 உரிமையாளர்களில் பாதிப்பேர் வெளியூரில் இருப்பார்கள், சிலர் உங்களிடமே படித்தவர்களாகக்கூட இருக்கலாம். ஒவ்வொருவருக்கும் நீங்களே போன் செய்து, இன்று இருக்கும் வாடகைதாரரை எழுப்பச் சொல்லவில்லை, அவர் தானாகக் காலி செய்யும்போது புரோக்கரிடம் சொல்வதற்கு முன் சங்கத்திடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று மட்டும் கேளுங்கள். இவ்வளவு கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. திருச்சியில் ஒரு குடியிருப்பில் இப்படித்தான் தொடங்கினோம். முதல் வருஷம் நாலே வீடுதான் மாறியது. அந்த நாலும் சுமுகமாக நடந்ததைப் பார்த்த பிறகு, இரண்டாம் வருஷம் உரிமையாளர்களே கூப்பிட்டுச் சொன்னார்கள்.

அடுத்த தடை முதியவர்களே. நாற்பது வருஷம் இருந்த வீடு. பூஜை அலமாரி எங்கே வைப்பது, கீழே கொசு, கீழே திருட்டு பயம், ஜன்னலைத் திறந்தால் போகிற வருகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள் என்று பல காரணம் சொல்வார்கள். இவை எதுவும் வீண் சாக்கு அல்ல. தரைத்தளத்தில் இன்னொரு உண்மையான தொல்லையும் உண்டு. மழைக்காலத்தில் சாக்கடைச் சேம்பர் நிரம்பினால் தண்ணீர் எதிர்த்து வருவது கீழ் வீட்டுக் கழிவறை வழியாகத்தான். முதியவர்களைக் கீழே கொண்டுவரும் முன் அந்தச் சேம்பர்களைத் தூர்வாரி, உடைந்த மூடிகளை மாற்றி, ஜன்னல்களுக்குக் கொசுவலை அடித்துக் கொடுங்கள். சங்கப் பணத்தில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும்.

எல்லோரும் கீழே வர முடியாது, வரவும் மாட்டார்கள். ஆகவே மாடிப்படியைச் சரிசெய்தே ஆக வேண்டும்.

வாரிய வீடுகளின் படியை நான் நிறைய அளந்திருக்கிறேன். திறந்த பக்கம் கம்பி இருக்கும், சுவர்ப் பக்கம் ஒன்றும் இருக்காது. ஏறும்போது வலது கையில் பிடித்தவர் இறங்கும்போது இடது கையில் பிடிக்க வேண்டும். பக்கவாதம் வந்து ஒரு கை சுரத்தில்லாமல் போனவருக்கு அந்தப் படி ஒருவழிப் பாதை. ஆகவே சுவர்ப் பக்கமும் கைப்பிடி வேண்டும். கை முழுசாகச் சுற்றிப் பிடிக்கிற உருண்டை பைப், ஒன்றரை அங்குலத்தைச் சற்று ஒட்டிய கனம். சுவருக்கும் பைப்புக்கும் நடுவில் இரண்டு அங்குல இடைவெளி, இல்லாவிட்டால் விரல் முட்டும். பைப் கடைசிப் படியோடு நின்றுவிடக் கூடாது, ஓர் அடி தாண்டிப் போக வேண்டும். பலர் கடைசிப் படியில்தான் விழுகிறார்கள், தரை வந்துவிட்டது என்று நினைத்துக் கையை விட்டுவிடுகிறார்கள். போடுவதற்கு முன் படியின் அகலத்தை அளந்துவிடுங்கள். மூன்றடிதான் என்றால் பைப் போக மீதியில் ஆளைத் தூக்கும் நாற்காலி திரும்புமா என்று ஒரு தடவை வெறும் நாற்காலியை வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பன்னிரண்டு மாடிப்படிக்கும் துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பில் போட்டால் மூன்றிலிருந்து நாலு லட்சத்துக்குள் முடியும் என்பது என் மதிப்பு. மதுரையில் வெல்டிங் பட்டறைக்கா பஞ்சம்! மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்குங்கள். அதோடு ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு அங்குல மஞ்சள் பட்டை, பாதி லேண்டிங்கில் (படி பாதியில் திரும்பும் மேடையில்) நல்ல வெளிச்சமுள்ள எல்இடி விளக்கு, இடம் இருந்தால் சுவரோடு மடிக்கும் ஒரு பலகை இருக்கை. கண்புரை உள்ளவருக்கு ஒரே சிமென்ட் நிறப் படிகள் எல்லாம் சேர்ந்து ஒரு சரிவாகத்தான் தெரியும். அந்த மஞ்சள் பட்டைக்கு ஆகும் செலவு சில டப்பா பெயின்ட்.

பெரியவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் தூக்கி இறக்கியதாக எழுதியிருந்தீர்கள். இனி அதைச் செய்யாதீர்கள், அந்த நாற்காலியின் கால் எந்த நிமிஷமும் முறியலாம். நோயாளியைப் படியில் இறக்குவதற்கென்றே பெல்ட் வைத்த மடக்கு நாற்காலி மருத்துவச் சாதனக் கடைகளில் கிடைக்கிறது. சங்கத்துக்கு ஒன்று வாங்கி, வாட்ச்மேன் அறையில் பூட்டாமல் வையுங்கள். ஒவ்வொரு பிளாக்கிலும் நாலு இளைஞர்களுக்கு அதைப் பழக்கிக் கொடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு 108 வந்து நிற்கும்போது அந்தப் பழக்கம்தான் உதவும்.

லிஃப்ட் தனியாக வைக்க முடியாதா என்று கேட்பீர்கள். பல குடியிருப்புகளில் வெளிப்பக்கமாக இரும்புக் கூண்டு எழுப்பி வைக்கிறார்கள். ஒரு சிக்கல் இருக்கிறது. வாரியக் கட்டடங்களில் வெளிச்சுவரைத் தொடுவது பெரும்பாலும் பாதி லேண்டிங். லிஃப்ட் அங்கேதான் திறக்கும். அதாவது வீட்டு வாசலுக்கு இன்னும் ஒன்பது படி ஏற வேண்டும், அல்லது இறங்க வேண்டும். உங்கள் கணவருக்கு 36 படி ஒன்பதாகக் குறைவது பெரிய விஷயம்தான். சக்கர நாற்காலிக்காரருக்கு அந்த ஒன்பது படியும் சுவர்தான். பால்கனிப் பக்கம் திறப்பு எடுத்து நேராக வாசல் மட்டத்தில் நிறுத்தலாம், ஆனால் நாற்பது வருஷக் கட்டடத்தில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு செங்கலையும் எடுக்கக் கூடாது. செலவு, ஒரு மாடிப்படிக்குப் பத்து லட்சத்துக்குக் குறைந்து முடிந்து நான் பார்த்ததில்லை. பன்னிரண்டு மாடிப்படி என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ‘நான் கீழே இருக்கிறேன், எனக்கு எதுக்கு லிஃப்ட், நான் ஏன் பணம் கட்டணும்’ என்ற கேள்வியும் நிச்சயம் வரும்.

சிங்கப்பூரில் இதே பிரச்சினை வந்தது. அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பழைய அடுக்குமாடிகளில் சில தளங்களில் மட்டும்தான் லிஃப்ட் நின்றது. 2001ல் எல்லாத் தளத்திலும் நிற்கும்படி மாற்றும் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். தகுதியுள்ள வீடுகளில் நூற்றுக்கு 75 பேர் வாக்களித்துச் சம்மதித்தால் வேலை தொடங்கியது. செலவில் பெரும்பங்கை அரசு ஏற்றது, குடியிருப்பவர்கள் சிறு பங்கு கட்டினார்கள். 2012 முதல் வீட்டுக்குள் கழிவறைக் கைப்பிடி, வழுக்காத தரை, சிறு சாய்தளம் போடவும் மானியம் தருகிறார்கள். நம் அரசும் பழைய வாரியக் குடியிருப்புகளுக்கு லிஃப்ட் மானியம் தர வேண்டும் என்று நான் போகிற கூட்டத்திலெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறேன். உங்களைப் போன்ற சங்கங்கள் மனுவாகக் கேட்டால்தான் அது நகரும். 96 வீட்டுக் கையெழுத்தோடு, எத்தனை பேர் எத்தனை மாதமாக இறங்கவில்லை என்ற கணக்கோடு எழுதுங்கள். உங்களிடம் அந்தக் கணக்கு இருக்கிறதே.

சாய்தளம் பற்றி ஓர் எச்சரிக்கை. பிளாக் வாசலில் மூன்று படி இருந்தால், கொத்தனாரிடம் சொன்னால் ஒரு நாளில் சிமென்ட் போட்டுச் சரித்துக் கொடுத்துவிடுவார். அது பைக் ஏற்றும் சரிவு. மத்திய அரசின் அணுகல் வழிகாட்டுதல்படி ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். வாசல் இரண்டடி உயரம் என்றால் சாய்தளம் 24 அடி. இடம் இல்லையென்றால் நடுவில் திருப்பம் வைத்து மடக்கலாம். அதற்கும் இடம் இல்லையென்றால் போடாமலே இருந்துவிடலாம். செங்குத்தான சாய்தளத்தில் சக்கர நாற்காலி பின்னால் உருளும், மழையில் நடப்பவரும் வழுக்குவார். அப்படிப்பட்ட பிளாக்கில் படியின் இரண்டு பக்கமும் கைப்பிடி போதும். சக்கர நாற்காலி தேவைப்படுபவருக்கு, சாய்தளம் போட முடிந்த பிளாக்கில் கீழ் வீடு பாருங்கள். ஆறு பிளாக்கில் இரண்டில் சரியான சாய்தளம் இருந்தாலே பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

கீழே வந்தவர் அப்புறம் எங்கே போவார்? இதைக் கேட்காமல் படியை மட்டும் சரிசெய்து பயனில்லை. திருச்சிக் குடியிருப்பில் 73 வயது அம்மா ஒருவரோடு, அவர் வீட்டிலிருந்து ரேஷன் கடை வரை டேப்போடு நடந்தேன். 310 மீட்டர் தூரம். அவர் மூன்று இடத்தில் நின்றார். முதலில் காம்பவுண்டு முனையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்து டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் இருந்த சிமென்ட் மேடையில் உட்கார்ந்தார். ‘இங்க உட்காராதீங்கம்மா’ என்றேன். ‘வேற எங்க தம்பி உட்கார?’ என்றார். மூன்றாவது, மூடிக்கிடந்த ஒரு ஜெராக்ஸ் கடை வாசற்படி. கடை திறந்திருக்கும் நாளில் அங்கேயும் உட்கார முடியாது, அதனால் அரிசி வாங்க ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாளில் போனால் கஷ்டம் என்றார். ஆனால் ரேஷன் கடை எல்லா ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்காதே!

அந்த மூன்று இடத்திலும்தான் பெஞ்சு போட்டோம். எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துப் போட்டதால் இன்றும் அவை காலியாக இருப்பதில்லை. வரைபடத்தில் அழகாக இருக்கிறதென்று பூங்கா நடுவில் வெயிலில் போட்ட பெஞ்சில் காக்காய்தான் உட்காரும். உங்கள் குடியிருப்பிலும் நாலைந்து முதியவர்களோடு பஸ் நிறுத்தம், மருந்துக்கடை, வங்கி, கோயில் என்று ஒவ்வொரு வழியாக நடந்து பாருங்கள். கையில் நோட்டு வைத்துக்கொண்டு, நின்ற இடம், தயங்கிய இடம், சாலையில் இறங்கி நடக்க வேண்டிவந்த இடம் எல்லாவற்றையும் குறியுங்கள். குடியிருப்புக்கு வெளியே இருப்பது மாநகராட்சி வேலை. நடைபாதை 1.8 மீட்டர் தடையில்லாமல் இருக்க வேண்டும், உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று இந்தியச் சாலைக் குழுமத்தின் விதி இருக்கிறது. நம் ஊரில் முட்டி உயரத்துக்கு நடைபாதை கட்டி, பைக் ஏறாமல் தடுத்துவிட்டோம் என்கிறார்கள். பாட்டியும்தான் ஏறவில்லை. அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் இந்த நோட்டைக் கவுன்சிலர் கையில் கொடுங்கள். ‘ரோடு சரியில்லை’ என்று சொல்வதைவிட, ‘மருந்துக்கடைக்கு முன்னால் எட்டு மீட்டர் நடைபாதை உடைந்திருக்கிறது, இவ்வளவு பேர் அங்கே சாலையில் இறங்கி நடக்கிறார்கள்’ என்று சொன்னால் வேலை நடக்கும். ஒரு கழிப்பிடமும் சேர்த்துக் கேளுங்கள். அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருப்பதாலேயே வெளியே வராத பெண்கள் எத்தனையோ பேர். அவர்கள் இதைச் சங்கக் கூட்டத்தில் எழுந்து சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வீட்டுக்குள் குளியலறை ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கைப்பிடி மாட்டச் சொன்னால் எலக்ட்ரீஷியன் சாதாரண பிளக் அடித்து மாட்டிவிட்டுப் போவார். உங்கள் வீடுகளின் உள்சுவர் பெரும்பாலும் நாலரை அங்குல அரைச்செங்கல் சுவர். பூச்சு உதிர்ந்திருக்கும். எழுபது கிலோ ஆள் வழுக்கி அந்தக் கம்பியைப் பிடித்தால் கம்பியும் சேர்ந்து வரும். சுவரின் மறுபக்கம் வரை துளை போட்டு, அந்தப் பக்கம் இரும்புத் தகடு வைத்து போல்ட்டில் முடுக்க வேண்டும். மாட்டிய பிறகு வேலையாளையே முழு எடையும் போட்டுத் தொங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றிவிடுங்கள். உள்ளே விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொண்டு, வெளியே இருப்பவர்கள் உடைக்க வேண்டிவந்த கதைகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள். 57 வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஆளிடம் கொடுத்தால் பேரம் பேசலாம். வீட்டுக்காரர் பாதி, சங்கம் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு 11 லட்சத்தில் கொஞ்சம் மிஞ்சும். அதில் கீழ் வீடு ஒன்றைச் சங்கமே வாடகைக்கு எடுத்தால் என்ன? காலையில் பேப்பர், பதினோரு மணிக்கு டீ, மத்தியானம் வேண்டியவர்களுக்குச் சாப்பாடு. தனியாக இருக்கும் பலர் ஒருவருக்காக உலை வைக்க மனமில்லாமல் பிஸ்கட்டைச் சாப்பிட்டுப் படுத்துவிடுகிறார்கள். குடியிருப்பிலேயே யாராவது ஓர் அம்மா பதினைந்து பேருக்குச் சமைத்தால் அவருக்கும் வருமானம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிபி, சர்க்கரை மாத்திரையும் இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வருகின்றன. வட்டார நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசி, பணியாளர் வரும் நாளை அந்த அறையில் வைத்துக்கொண்டால் அவருக்கும் 54 படி ஏறும் வேலை மிச்சம். பகல்நேரத்தில் முதியவர்கள் கூட ‘அன்புச் சோலை’ மையங்களை மாநகரங்களில் அமைப்பதாக 2025-26 பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. உங்கள் அறையை அதோடு இணைக்க வழியுண்டா என்று மாவட்ட சமூகநல அலுவலகத்தில் கேட்டுவையுங்கள். சாயந்திரம் அதே அறையில் நீங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கலாம். இளம் குடும்பங்கள் இந்தத் திட்டத்தைத் தங்களுடையதாக நினைக்க வேண்டும் என்றால் அவர்களுக்கும் இதில் ஏதாவது இருக்க வேண்டும். சிங்கப்பூரில் கம்போங் அட்மிரல்டி என்று முதியோருக்கான 104 வீடுகளைக் கட்டியபோது, மருத்துவ நிலையத்தோடும் உணவங்காடியோடும் குழந்தைகள் காப்பகத்தையும் அதே கட்டடத்தில்தான் வைத்தார்கள்.

பில்டர் விஷயத்துக்கு வருகிறேன். இடித்துக் கட்டுவது தப்பில்லை. கட்டடம் நிஜமாகவே பலவீனமாகிவிட்டால் அதுதான் வழி. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும், 96ல் 64 பேர். அதனால்தான் பில்டர்கள் வீடுவீடாக வருகிறார்கள். முதலில், எத்தனை பேர் கையில் வாரியத்தின் கிரயப் பத்திரம் இருக்கிறது என்று பாருங்கள். ஒதுக்கீட்டு ஆணையை மட்டும் பீரோவில் வைத்துக்கொண்டு, பத்திரம் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் எல்லாக் குடியிருப்பிலும் உண்டு. முதல் ஒதுக்கீடுதாரர் இறந்துபோயிருந்தால் வாரிசுச் சான்றிதழ் வேலையும் சேரும். இதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும், பில்டர் வந்தாலும் வராவிட்டாலும் செய்தே ஆக வேண்டிய வேலை இது.

பிறகு பில்டரிடம் இரண்டு கேள்வி. கட்டி முடியும்வரை வாடகை தருகிறேன் என்கிறாரே, வேலை பாதியில் நின்றால் அந்த வாடகைக்கும் கட்டடத்துக்கும் வங்கி உத்தரவாதம் உண்டா? மூன்று வருஷம் என்று தொடங்கி ஆறு வருஷம் இழுத்த திட்டங்களில், திரும்பிவராமலே போன முதியவர்களை எனக்குத் தெரியும். எண்பது வயதில் இரண்டு தடவை வீடு மாறுவது உடம்புக்கும் ஞாபகத்துக்கும் பெரிய அடி. அடுத்த கேள்வியை யாரும் கேட்பதில்லை: புதுக் கட்டடத்தில் மாதப் பராமரிப்பு எவ்வளவு வரும்? லிஃப்ட், ஜெனரேட்டர், தீயணைப்பு அமைப்பு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்று எல்லாம் சேர்ந்தால், பென்ஷனில் இருப்பவரால், குறிப்பாகக் குடும்ப பென்ஷனில் இருக்கும் அம்மாக்களால், கட்ட முடியாத தொகையாகிவிடலாம். வீடு சொந்தமாக இருந்தும் பராமரிப்புக் கட்ட முடியாமல் விற்றுவிட்டுப் போக வேண்டிவரும். எண்ணை எழுத்தில் வாங்குங்கள். அதுவரை யாரும் பவர் எழுதிக் கொடுக்க வேண்டாம்.

உங்கள் மகன் சொல்வதில் அக்கறை இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். சமைக்க முடியவில்லை, ராத்திரியில் யாராவது பக்கத்தில் வேண்டும் என்ற நிலை வந்தால் அப்படிப்பட்ட இடங்கள் உதவும். ஆனால் வீட்டை விற்பதற்கு முன் இருவரும் ஒரு மாதம் அங்கே வாடகைக்குத் தங்கிப் பாருங்கள். பத்திரம் உங்கள் பெயருக்குக் கிரயமா, அல்லது ஆயுள் வரைக்கும் தங்கும் டெபாசிட்டா? படுத்த படுக்கையானால் அங்கேயே பார்த்துக்கொள்வார்களா, வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார்களா? மாதக் கட்டணம் வருஷத்துக்கு எவ்வளவு ஏறும், அதற்கு உச்சவரம்பு உண்டா? முதியோர் குடியிருப்புகளுக்கு மத்திய அரசு 2019ல் மாதிரி வழிகாட்டுதல்கள் வெளியிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அவசரத்தில் வீட்டைப் பிள்ளை பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். எழுதினால் ‘எங்களைப் பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனை பத்திரத்தில் வார்த்தையாகவே இருக்க வேண்டும். 2007 ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அந்த நிபந்தனையை வைத்துத்தான் கைகொடுக்கும். உங்கள் மகனைச் சொல்லவில்லை டீச்சர், சங்கத்தில் மற்றவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். இப்படி ஏதாவது தொந்தரவில் யாராவது இருந்தால் முதியோர் உதவி எண் 14567ஐ நோட்டீஸ் போர்டில் பெரிதாக எழுதி வையுங்கள்.

இந்த மாதம் செய்ய வேண்டியது இது. ஒரு நோட்டில் இடது பக்கம் இறங்கச் சிரமப்படும் 16 வீடு, வலது பக்கம் வாடகைக்கு இருக்கும் 14 கீழ் வீட்டு உரிமையாளர்களின் போன் நம்பர். இடது பக்கம் முதல் வரியில் அந்த 81 வயதுப் பெரியவர், இரண்டாவது வரியில் உங்கள் கணவர். பொருளாளர் வீட்டையே எழுதுவதா என்று கூச்சப்படாதீர்கள், நாலு மாதமாக இறங்காதவர் அந்த வரிசையில் வந்துதான் ஆக வேண்டும். படியின் அகலம், பாதி லேண்டிங்கின் நீள அகலம், வாசல் உயரம் மூன்றையும் ஒரு பிளாக்கில் அளந்து, வெளிப்பக்கமிருந்து ஒரு போட்டோவோடு அனுப்புங்கள். கைப்பிடியும் சாய்தளமும் எங்கே வரும் என்று நான் வரைந்து அனுப்புகிறேன்.